இர்மெலியின் சுண்டுவிரல்

இர்மெலிக்கு அந்த அணிலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

காட்டு அணிலைச் சொல்லவில்லை. அது பாவம், பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே பைன் மரத்தில் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இவளுடைய வயிற்றெரிச்சலெல்லாம் டேப்லெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அணில்மேல்தான். ஹோன்காலா பள்ளியில் இரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துவது அந்த அணில். நகராட்சி மொத்தமாக வாங்கிப் போட்ட செயலி. அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. "இன்னிக்கு அணில் முடிச்சாச்சா?" என்று கேட்டால் கணக்குப் போட்டாச்சா என்று அர்த்தம். அணில் வந்த வருஷமே கணக்கு நோட்டு போய்விட்டது.

திரையில் ஒரு கணக்கு வரும், கீழே நாலு விடை இருக்கும். சரியானதைத் தொட்டால் அணில் ஒரு பைன் காயைக் கூடையில் போட்டு "அபாரம்!" என்று கத்தும். தப்பானதைத் தொட்டால் வாலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். இருபது நொடிக்குள் எதையும் தொடவில்லை என்றால் வாயைப் பிளந்து கொட்டாவி விடும். கொட்டாவி விட்டாலும் தப்புதான், ஒரு சிவப்புப் புள்ளி விழும். பிறகு அடுத்த கணக்கு வந்துவிடும்.

அந்தக் கொட்டாவியைத்தான் இர்மெலியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரில் இருபது நொடியெல்லாம் ஒரு நேரமா? கடையில் போய்ப் பால் இருக்கிறதா என்று கேட்டால்கூடக் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துத்தான் இருக்கிறது என்பார். கேள்வி கேட்டவர் நிற்பார், பதில் வரும், வாங்கிக்கொண்டு போவார். யாரும் யாரைப் பார்த்தும் கொட்டாவி விடுவதில்லை.

அவளுக்கு இதில் சொந்தக் காயமும் உண்டு. சின்ன வயதில் கணக்கில் அவள் வாங்கிய மார்க் பத்துக்கு ஐந்து. நாலு வாங்கினால் ஃபெயில். வாத்தியார் பாவம் பார்த்துப் போட்ட ஐந்து அது. விடை தெரியாமல் இல்லை. மனசிலிருந்து அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் வாத்தியார் அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார். அப்படியே பள்ளியை முடித்து, ரை தானிய ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பொட்டலம் கட்டினாள். தொழிற்சாலையை மூடினார்கள். நாற்பத்து நாலு வயதில், பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பள்ளி உதவியாளர் வேலைக்கு வந்தாள். படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருகிற வேலை. இப்போது ஐம்பத்தேழு வயது. அந்த நாற்காலியில் அவளைவிட நன்றாக உட்காரத் தெரிந்தவர் எங்கள் வட்டாரத்தில் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார வைத்த பிள்ளை எல்வீரா. மூன்றாம் வகுப்பு, ஒன்பது வயது, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கதை சொல்லச் சொன்னால் நிறுத்த மாட்டாள். எண்கள் மட்டும் அவளிடம் தங்குவதில்லை. இன்று கற்றுக்கொடுத்த ஏழும் ஐந்தும் நாளைக்குப் புதிதாக வந்து நிற்கும். ஆனால் அவளிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் பள்ளிக்குள் பூட்ஸ் கிடையாது, வாசலில் கழற்றிவிட்டு எல்லாரும் கம்பளிக் காலுறையோடுதான் திரிவார்கள். எல்வீரா கைவிரல்களில் எண்ணத் தொடங்குவாள். பத்தும் தீர்ந்ததும் காலுக்கு இறங்குவாள். மேஜைக்கு அடியில், சிவப்புக் காலுறைக்குள் கட்டைவிரல் ஒரு தரம் அசையும், அடுத்த விரல் ஒரு தரம் அசையும். பிறகு "பன்னெண்டு" என்பாள். சரியாகத்தான் இருக்கும். அதற்கு முப்பது நொடி ஆகும். சில நாள் நாற்பதும் ஆகும்.

அணில் இருபதிலேயே கொட்டாவி விட்டுவிடும்.

செப்டம்பர் முழுக்க சிவப்பு. அக்டோபர் முழுக்க சிவப்பு. நவம்பரில் ஒரு நாள், மூன்று மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வரும்போது, எல்வீரா டேப்லெட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"அதுக்கு என்னைப் பிடிக்கல, இர்மெலி," என்று தேம்பினாள். "நான் சொல்ல வரும்போதெல்லாம் அது தூங்கப் போகுது."

இர்மெலி டேப்லெட்டைப் பொறுக்கி எடுத்தாள். மூலையில் ஒரு கீறல், அணிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் எட்டும் ஆறும் நின்றன. நொடிகள் ஓடின. பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். இர்மெலி தன் வலது கைச் சுண்டுவிரலைத் திரையோரம் வைத்து, பதினான்கு இருந்த பக்கம் மெல்ல நகர்த்தினாள். எல்வீரா விரலைப் பார்த்தாள், பதினான்கைத் தொட்டாள். "அபாரம்!" என்றது அணில்.

இந்த ஒரு தடவைதான் என்று இர்மெலி நினைத்தாள். எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்!

மறுநாள் இரண்டு தடவை ஆயிற்று. டிசம்பருக்குள் அது பழக்கமாகிவிட்டது. இர்மெலி விடையைச் சொன்னதே இல்லை, தொட்டதும் இல்லை, சுண்டுவிரல் மட்டும் அந்தப் பக்கம் போகும். எல்வீரா கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரலைப் பார்க்கத் தொடங்கினாள். காலுறைக்குள் அசைவு நின்றுபோனது. அதை இர்மெலி கவனித்தாள். கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி இருந்தாள். அதற்காகத்தான் பின்னால் தன்னையே அதிகம் திட்டிக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளை நன்றாகப் போடுகிறாள் என்று அணில் மேலே மேலே ஏற்றிவிட்டுக்கொண்டே போனது. கூட்டல் போய்ப் பெருக்கல் வந்தது. பெருக்கல் போய் வகுத்தல் வந்தது. பிப்ரவரியில் பின்னம் வந்து நின்றது. பின்னம் இர்மெலிக்கே தகராறு. நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் புருஷனை உட்கார வைத்தாள்.

தௌனோ பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மூணுல ரெண்டு பெருசா, நாலுல மூணு பெருசா? இதை ஒம்பது வயசுப் பிள்ளைகிட்டயா கேக்குறானுங்க?"

"பிள்ளைகிட்ட இல்ல. என்கிட்ட."

"நீ எந்த வகுப்புடி படிக்கிறே?"

"பேசாம சொல்லு."

"பன்னெண்டு கிலோமீட்டர் ரோடுன்னு வச்சுக்க. மூணுல ரெண்டு தள்ளினா எட்டு. நாலுல மூணு தள்ளினா ஒம்பது. ஒம்பது தள்ளினவன்தான் பெரிய ஆளு." புத்தகத்தை மூடினான். "இதுக்கு எனக்குச் சம்பளம் உண்டா?"

மறுநாள் இர்மெலியின் சுண்டுவிரல் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோட்டை மனசில் ஓட்டிக்கொண்டு நகர்ந்தது. அணில் கூடை நிறையக் காய் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஏழும் ஐந்தும் எத்தனை என்று தெரியாது.

இதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அணில் பெற்றோருக்கு ஒரு சேதி அனுப்பும். "எல்வீரா இந்த வாரம் 46 காய்கள் சேர்த்தாள்! அபாரம்!" கீழே ஒரு கோடு, மேல்நோக்கிப் போகும், பச்சை நிறத்தில். எல்வீராவின் அம்மா பிரித்தா முதியோர் இல்லத்தில் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவள், மகளைத் தனியாக வளர்க்கிறவள். அவள் அந்தச் சேதிகளை வேலையிடத்தில் அச்செடுத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒன்றின் மேல் ஒன்று அல்ல, பக்கத்துப் பக்கத்தில். பொங்கி வந்த நன்றியில் ஒரு நாள் புளூபெர்ரி கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள்.

"இர்மெலி, இது உங்களுக்கு. நீங்க மட்டும் இல்லைன்னா..."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் இர்மெலி. வாழ்க்கையில் அவள் அவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை, யாரும் அதை நம்பவும் இல்லை. கேக்கில் அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. தௌனோதான் முழுவதும் தின்றான்.

ஏப்ரலில் கூட்டம் வந்தது. அடுத்த வருஷம் எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் உதவியாளர் என்று முடிவு செய்யும் கூட்டம். ஆசிரியர் அறையில் காபி, ஏலக்காய் பன். மேஜையைச் சுற்றி பிரித்தா, இர்மெலி, வகுப்பாசிரியர் சந்தேரி. சந்தேரி இருபத்தொன்பது வயதுப் பையன், நல்லவன், எப்போதும் எதற்கோ தாமதமானவன். தலைமையில் நகராட்சிக் கல்வி அலுவலர் ஹென்ரீக்கா. தலைநகர் ஹெல்சின்கிப் பக்கத்துக்காரி, முந்தின வருஷம்தான் மாற்றலாகி வந்தாள். கெட்டவள் இல்லை. வேகமானவள், அவ்வளவுதான்.

அவள் சுவரில் அந்தக் கோட்டைப் பெரிதாகக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. அக்டோபர்ல எங்கே இருந்தா, இப்போ எங்கே இருக்கா! வகுப்புல மூணாவது இடம். இந்தப் பிள்ளைக்குத் தினம் ரெண்டு மணி நேரம் உதவி இனிமே தேவையில்லை. அந்த நேரத்தை வேற பிள்ளைக்குக் கொடுக்கலாம்."

பிரித்தா கண்ணைத் துடைத்தாள். "நாலு வருஷமா இந்த மாதிரி கூட்டத்துக்கு வர்றேன். என் பிள்ளையைப் பத்தி ஒருத்தர் நல்லதாச் சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்," என்றாள்.

இர்மெலி என்ன செய்வதென்று தெரியாமல் பன்னைக் கடித்துவிட்டாள். பெரிய வாயாகக் கடித்துவிட்டாள்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று ஹென்ரீக்கா கேட்டாள்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். ஹென்ரீக்காவுக்கு முன்னால் இருந்த அலுவலர் எங்கள் ஊர்க்காரர். முடிவு சொல்லுமுன் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யாராவது காபிக் கோப்பைக்குள்ளேயே வெறித்துக்கொண்டிருந்தால் "என்ன இர்மெலி?" என்பார். பிறகு காத்திருப்பார். எங்கள் ஊரில் மறுப்பு அப்படித்தான் வெளியே வரும். நாமாக எழுந்து கத்த மாட்டோம். கோப்பையைப் பார்ப்போம், கேட்டால் சொல்வோம்.

இர்மெலி கோப்பையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். வாயில் பன் இருந்தது, அதை விழுங்க வேண்டும், பிறகு வார்த்தையைத் தேட வேண்டும். மூன்று நொடி போயிருக்கும், நாலு இருக்கலாம். ஹென்ரீக்கா விரல் முட்டியால் மேஜையைத் தட்டினாள். டக்.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம். முடிவாயிடுச்சு. சூப்பர்!"

மடிக்கணினியை மூடினாள். அவளுக்கு இன்னொரு பள்ளியில் இன்னொரு கூட்டம் இருந்தது.

அன்று மாலை தௌனோ தலையில் அடித்துக்கொண்டான். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? வாயில பன்னா அடைச்சிருந்துச்சு?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"பன்னுதான் இருந்துச்சு."



மறுநாள், ஈரக் கையுறை காயவைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இர்மெலி சந்தேரியை மடக்கினாள்.

"அந்தக் கோடு எல்வீராவோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என்னோடது. பின்னம் வந்ததுக்கப்புறம் தௌனோவோடதும்."

சந்தேரி முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "எவ்வளவு நாளா?"

"நவம்பர்லேர்ந்து."

"இர்மெலி! ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கல?"

அவன் சுவரில் சாய்ந்தான். "இருபத்தஞ்சு பிள்ளைங்க. என் திரையில இருபத்தஞ்சு புள்ளி. சிவப்பைப் பாரு, பச்சையை விட்டுடுன்னுதான் பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க. எல்வீரா பச்சையாயிட்டா. நான் தாண்டிப் போயிட்டேன்." அலமாரியில் இருந்த ஒரு கையுறையைத் திருப்பிப் போட்டான். "அவ கையெழுத்துல ஒரு கணக்கைப் பார்த்தே எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே தெரியல."

பழைய விடைகளை அழிக்க முடியுமா என்று தேடிப் பார்த்தார்கள். முடியாது. இர்மெலி செயலியின் உதவிப் பக்கத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாலு வரி எழுதினாள்: பிள்ளை போட்ட விடை அல்ல, நான் காட்டிக்கொடுத்த விடை, எப்படித் திருத்துவது? உடனே பதில் வந்தது. அணில் கையாட்டிக்கொண்டு, "விடைகளை இன்னும் வேகமாகத் தொட மூன்று வழிகள்!" என்றது. இர்மெலி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குள் பதின்மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒரு வழிதான் இருக்கு. பதினாலு நாளுக்குள்ள அம்மா மனு கொடுக்கணும். முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி," என்றான் சந்தேரி.

அதாவது பிரித்தாவிடம் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் முழுக்கப் பச்சைக் கோடு ஒட்டிவைத்திருக்கும் பிரித்தாவிடம்.

எட்டு நாள் போயிற்று. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் நாள் சூப்பர் மார்க்கெட்டில், காலி பாட்டிலும் டப்பாவும் போட்டால் காசு கொடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் பிரித்தா நின்றிருந்தாள். முதியோர் இல்லத்து விருந்தில் சேர்ந்த டப்பாக்கள், இரண்டு பெரிய பை. பக்கத்தில் எல்வீரா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இர்மெலி தன் சின்னப் பையோடு வரிசையில் பின்னால் நின்றாள்.

இயந்திரம் ஒரு நசுங்கிய டப்பாவை வெளியே துப்பியது. பிரித்தா மறுபடி வைத்தாள். மறுபடி துப்பியது.

"பிரித்தா," என்றாள் இர்மெலி.

பிரித்தா திரும்பிச் சிரித்தாள். பிறகு காத்திருந்தாள். அவள் எங்கள் ஊர்க்காரி, காத்திருக்கத் தெரியும். இர்மெலி தொண்டையைச் செருமினாள். டப்பாக்களைப் பார்த்தாள். பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அந்தக் காயெல்லாம் அவ சேர்த்தது இல்ல. நான் விரலால காட்டினேன். அவ தொட்டா."

"எந்தக் காய்?"

"எல்லாம்தான். நவம்பர்லேர்ந்து."

பிரித்தாவின் கையில் டப்பா அப்படியே நின்றது.

"நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்," என்றாள்.

"தெரியும்."

"எங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். உன் பிள்ளைங்களவிட என் பிள்ளை மேலன்னு. என் வாழ்க்கையில மொதல் தடவையா அவன்கிட்ட பெருமையடிச்சேன்." குரல் ஏறியது. ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். "நீங்க என் வீட்டுக் கேக்கைத் தின்னீங்க!"

தௌனோதான் தின்றான் என்று சொல்ல இது நேரமில்லை. இர்மெலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் எல்வீரா. "எனக்குத் தெரியும். அது இர்மெலியோட காய்."

"உனக்குத் தெரியுமா? நீ ஏன்டி சொல்லல?"

எல்வீரா யோசித்தாள். பூட்ஸுக்குள் விரல்கள் அசைந்திருக்கலாம், வெளியே தெரியவில்லை.

"நீ வெள்ளிக்கிழமையெல்லாம் சந்தோஷமா இருந்தே. அதான்."

இயந்திரம் கீச்சிட்டது. நிரம்பிவிட்டது, பணியாளரைக் கூப்பிடவும் என்று சிவப்பெழுத்தில் காட்டியது. யாரும் கூப்பிடவில்லை. பிரித்தா மகளின் தொப்பியைச் சரிசெய்தாள், சரியாகவே இருந்த தொப்பியை. கொஞ்சம் கழித்து இர்மெலியைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"மனு எங்கே கொடுக்கணும்?"

இர்மெலி சொன்னாள்.

"எனக்கு நல்ல சேதி வேணாம், இர்மெலி. நிஜமான சேதி போதும்," என்றாள் பிரித்தா. பிறகு மீதி டப்பாக்களோடு காருக்கு நடந்தாள். கோடை முழுக்க அவள் இர்மெலியோடு பேசவில்லை.

இரண்டாவது கூட்டம் மே மாதக் கடைசியில் நடந்தது. அதே அறை, அதே சுவர், அதே கோடு. இர்மெலி பன்னை எடுக்கவில்லை. காபியும் ஊற்றிக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்திருந்தாள். ஹென்ரீக்கா உட்கார்ந்து "அப்போ ஆரம்பி..." என்று வாயெடுத்ததுமே, இர்மெலி விரல் முட்டியால் மேஜையைத் தட்டினாள். டக்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே அதிர்ச்சி. கழுத்துவரை சிவந்துவிட்டது.

"அந்தப் பச்சை என்னோடது," என்றாள். "கொஞ்சம் இருங்க. எனக்கு நேரமாகும். முழுசாச் சொல்லி முடிச்சுடுறேன்."

சொன்னாள். சுண்டுவிரலைச் சொன்னாள், கொட்டாவியைச் சொன்னாள், தௌனோவின் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோட்டைச் சொன்னாள். முப்பது நொடி கொடுத்தால் பிள்ளைக்கு விடை வரும், காலுறையைப் பார்த்தால் வருவது தெரியும் என்று சொன்னாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். ஹென்ரீக்கா குறுக்கே பேச வாயெடுத்தாள். சந்தேரி அவள் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினான். பிரித்தா ஃப்ரிட்ஜிலிருந்து பிய்த்து எடுத்த காகிதங்களையெல்லாம் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பினாள், மூலையில் இன்னும் பசை இருந்தது.

ஹென்ரீக்கா உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பாவம், கணினியில் இதை எங்கே எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நோய், விடுப்பு, தொழில்நுட்பக் கோளாறு, மூணுதான் இருக்கு. கோளாறுன்னு போட்டுக்கறேன், சரியா?"

"நான் கோளாறு இல்ல," என்றாள் இர்மெலி. "நான் இர்மெலி."

கோளாறு என்றுதான் போட்டார்கள்.

எல்வீராவுக்கு உதவி திரும்பக் கிடைத்தது, இரண்டு மணி நேரமல்ல, ஒரு மணி நேரம். அந்த இன்னொரு மணி நேரம் ஏற்கெனவே வேறு பள்ளிக்குப் போய்விட்டதாம். இருபது நொடியை முப்பதாக்க முடியுமா என்று சந்தேரி எழுதிக் கேட்டான், அது எல்லா நகராட்சிக்கும் பொதுவான அமைப்பு, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. கோளாறு என்று போட்டதால் எல்வீராவை மட்டும் அணில் மறுபடி கூட்டலுக்கே இறக்கியது. இர்மெலிக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஆகஸ்ட்டிலிருந்து அவள் மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஏழாம் வகுப்பில். மீசை முளைக்கும் பையன்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எல்வீராவுக்கு நூரா என்ற புதுப் பெண் வந்தாள், இருபத்து மூன்று வயது, சிரித்த முகம், பிள்ளைகள்மேல் உயிரை விடுகிறவள்.

நியாயமாகத்தான் நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். இர்மெலியும் சொன்னாள். ஆனாலும் அந்த அணிலுக்கு யாரும் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை என்பது அவள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பட்டாணி சூப் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, நாலாம் வகுப்புக்குப் பக்கத்துச் சின்ன அறையைத் தாண்டினாள். கதவில் கண்ணாடி. உள்ளே எல்வீராவும் நூராவும். கணக்கு என்னவென்று தெரியவில்லை. மேஜைக்கு அடியில் சிவப்புக் காலுறை மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் ஒரு தரம் அசைந்தது. இர்மெலிக்கு அப்படியே கால் நின்றுவிட்டது. அசைகிறது! பத்து மாசமாக நின்றுபோன விரல் அசைகிறது!

பிறகு மேலே பார்த்தாள். நூராவின் சுண்டுவிரல் திரையோரமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

இர்மெலி விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினாள். நூரா துள்ளிக் கையை எடுத்தாள். இர்மெலி கேட்காமலே கதவைத் திறந்து உள்ளே போனாள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் சும்மா..." என்று நூரா முகம் சிவந்தாள். "அவ அழுதிடுவாளோன்னு..."

"தெரியும்," என்றாள் இர்மெலி. "ரெண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில வச்சுக்க. இதோ, இப்படி."

தானும் வைத்துக்கொண்டாள். இரண்டு பெரிய மனுஷிகள் கைமேல் உட்கார்ந்தார்கள். திரையில் ஏழும் ஐந்தும். எல்வீரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் எங்கும் இல்லை. கீழே குனிந்து தன் கையைப் பார்த்தாள், எண்ணினாள், பத்து தீர்ந்தது. அணில் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. சிவப்புப் புள்ளி விழுந்தது. அடுத்த கணக்கு வந்துவிட்டது. நூரா இருப்புக் கொள்ளாமல் நெளிந்தாள். இர்மெலிக்கும் கை பரபரத்தது, அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

காலுறைக்குள் கட்டைவிரல் அசைந்தது. அடுத்த விரலும் அசைந்தது.

"பன்னெண்டு," என்றாள் எல்வீரா. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். ஏழும் ஐந்தும் அங்கே இல்லை. முகம் வாடியது. "போயிடுச்சே."

"அது போனா போகட்டும், தங்கம்," என்றாள் இர்மெலி. "பன்னெண்டுதான். நாங்க ரெண்டு பேரும் கேட்டோம்."